கிழக்குச் சரிவில் ஒரு பகல்: பச்சைமலை நடைக்குத் திட்டமிடுதல்

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் எசனை, வேப்பந்தட்டை என்று ஊர்களைத் தாண்டிப் போகும்போது இடப்பக்கத்தில் வெகுதூரத்துக்குக் கூடவே வருகிற மலை பச்சைமலை. திருச்சி, பெரம்பலூர், சேலம் என்று மூன்று மாவட்டங்களுக்கும் பங்கு உள்ள மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. மேற்கே கொல்லிமலையும் வடக்கே கல்வராயனும் இதன் அண்டை. மேல்தளம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 முதல் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. துறையூர்ப் பக்கமிருந்து சோபனபுரம் வழியாக டாப்செங்காட்டுப்பட்டிக்குத் தார்ச்சாலை ஏறுகிறது. பச்சைமலைக்குப் போய்வந்தேன் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்தச் சாலையில் வண்டியில் போனவர்கள்தான். இந்த அத்தியாயம் மலையின் மறுபக்கத்தைப் பற்றியது. பெரம்பலூர் சமவெளியைப் பார்த்து நிற்கும் கிழக்குச் சரிவில் காலையில் ஏறி, அன்றே இறங்கி, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற ஒரு பகல் நடை. அரியலூர் மாவட்டத்தில் மலை கிடையாது என்பதால் அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கத்து வாசகர்களுக்கும் மிக அருகில் உள்ள மலைக்காடு இதுதான்.

உயரம் குறைவு என்பதால் இந்த மலையைப் பலர் இலேசாக எண்ணிவிடுகிறார்கள். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் அரைப் பாகைக்குச் சற்று மேல் குறையும். பெரம்பலூர் நகரம் சுமார் 140 மீட்டரில் இருக்கிறது. நீங்கள் 700 மீட்டர் வரை ஏறினாலும் குறையப்போவது மூன்றரைப் பாகைதான். அடிவாரத்தில் 36 என்றால் மேலே 32. கொடைக்கானல் போல நினைத்துக்கொண்டு ஸ்வெட்டரும் ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலுமாக வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். இங்கே ஆளைச் சாய்ப்பது வெயில்.

அதைவிட முக்கியமான சங்கதி, நாம் ஏறுவது கிழக்குச் சரிவு என்பது. சூரியன் உதித்ததும் முதல் வெயில் இந்தச் சரிவின் முகத்தில்தான் நேராக விழுகிறது. ஏறும்போது மேற்கே பார்த்து நடப்பதால் எட்டு மணி வெயில் பிடரியில் அடிக்கும். ஒன்பதரைக்கெல்லாம் பாறை சுடத் தொடங்கிவிடும். பிற்பகலில் நிலைமை தலைகீழாகிறது. சூரியன் மலை முகட்டுக்குப் பின்னால் இறங்கிவிட, சமவெளியில் இன்னும் நல்ல வெயில் அடிக்கும்போதே நீங்கள் நிற்கும் பள்ளத்தாக்கில் நிழல் கவிந்துவிடும். டிசம்பர் கடைசியில் பெரம்பலூரில் சூரியன் மறைவது ஏறத்தாழ மாலை 5:55. காட்டுப் பாதையில் கல்லையும் வேரையும் பிரித்துப் பார்க்க முடியாத மங்கல் அதற்கு வெகு முன்பே வந்துவிடும். ஆக, இந்தப் பக்கத்துக்கென்று ஒரு கடிகாரம் உண்டு: விடியலில் ஏற்றம், வெயில் உச்சிக்கு வருமுன் மேலே, நண்பகலில் திரும்புதல். மற்ற எல்லாத் திட்டமும் இந்தக் கடிகாரத்துக்கு அடங்கித்தான் நடக்கவேண்டும்.

எந்த வழி

முதல்முறை வருபவர்கள், பிள்ளைகளோடு வருபவர்கள், வெகுநாளாக நடக்காதவர்கள் லாடபுரம் மயிலூற்று அருவியோடு தொடங்கலாம். பெரம்பலூருக்கு மேற்கே, நகரத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது. நடை குறைவு. மழைக்குப் பிறகு விடுமுறை நாளில் கூட்டம் சேரும் இடம் என்பதால் காட்டு அமைதி வேண்டுபவர்கள் வாரநாளில் போகவேண்டும்.

நடுத்தர நடை என்று இந்த அத்தியாயம் மனத்தில் வைத்திருப்பது கோரையாறு பக்கம். வேப்பந்தட்டை வட்டத்தில், தொண்டமாந்துறைக்கு மேற்கே, மலை மடியில் இருக்கும் ஊர் கோரையாறு. ஊரைத் தாண்டி ஓடைக்கரை வழியாக அருவிக்குப் போகிற பாதை முதலில் காட்டோரத்தையும் பிறகு மரக்காட்டையும் பிறகு பாறைகளையும் கடக்கிறது. கை ஊன்றி ஏறவேண்டிய இடங்களும் வழியில் வரும். மலையாளப்பட்டிப் பக்கமும் இப்படிப்பட்ட அடிவாரம்தான். இந்த ஊர்களிலிருந்து மலைமேல் ஊர்களுக்குச் சனங்கள் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய ஒற்றையடிப் பாதைகள் உண்டு. சாலை வந்தபின் சில பாதைகளில் நடமாட்டம் குறைந்து புதர் மூடிவிட்டது. பழைய வரைபடத்தில் பாதை இருக்கிறது என்பதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

முந்தின நாள் மாலையிலேயே வந்துவிடுபவர்களுக்கு ஒரு யோசனை. பச்சைமலைக்கும் செம்மலைக்கும் நடுவே கல்லாற்றை மறித்துக் கட்டிய விசுவக்குடி அணைக்குப் போய்க் கரையில் நின்று, மறுநாள் ஏறப்போகும் சரிவை நிதானமாகப் பாருங்கள். முகட்டில் மேகம் கட்டியிருக்கிறதா, எங்காவது புகை எழுகிறதா, ஓடைப் பள்ளம் எந்த இடத்தில் வளைகிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். மலைக்குள் நுழைந்துவிட்டால் மலை தெரியாது.

வரைபடம் வேண்டுபவர்களுக்கு இந்திய நில அளவைத் துறை வெளியிடும் 1:50,000 அளவுத் தாள் போதும். அதன் இணையதளத்தில் பதிவுசெய்து தரவிறக்கிக்கொள்ளலாம். அந்த அளவில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். உயரக்கோடு ஒவ்வொன்றுக்கும் இடையே 20 மீட்டர் ஏற்றம். ஒரு சென்டிமீட்டருக்குள் ஐந்து கோடுகளைப் பாதை வெட்டினால் 500 மீட்டர் நடையில் 100 மீட்டர் ஏறுகிறீர்கள் என்று பொருள். மூச்சு வாங்கும், ஆனால் ஏறலாம். அதே இடத்தில் பத்துக் கோடுகள் நெருங்கியிருந்தால் அது படிக்கட்டைப் போன்ற செங்குத்து, நடுத்தர நடைக்கு உகந்ததில்லை.

எந்த மாதம்

நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி முடிய. வடகிழக்குப் பருவமழையின் வேகம் தணிந்து, ஓடையில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டு, காடு பச்சையாக இருக்கும் காலம். அக்டோபர், நவம்பரில் அருவிகள் நிறைந்து கொட்டும். பார்க்க அழகு, நடக்க ஆபத்து. வானிலை மையம் கனமழை எச்சரிக்கை விட்டிருக்கும் நாளிலும் அதற்கு அடுத்த இரண்டு நாளிலும் ஓடைப் பாதைக்குள் இறங்காதீர்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை காலை வெளுப்பாக இருந்து பிற்பகலில் இடி மின்னலோடு மழை பிடிக்கும். மின்னல் கண்டபின் 30 நொடிக்குள் இடி கேட்டால் முகடு, வெட்டவெளி, தனிமரம் மூன்றையும் விட்டு இறங்குங்கள்.

பிப்ரவரி நடுவிலிருந்து மழை பிடிக்கும்வரை இந்தக் காட்டுக்குள் நடைபோகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இது இலையுதிர் காடு. உசிலையும் வெட்பாலையும் மூங்கிலும் இலை உதிர்த்துத் தரை முழுதும் சருகு மெத்தையாகிவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்தது நமக்கெல்லாம் தெரியும். கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்த நடைக்குழுவைக் காட்டுத்தீ சூழ்ந்து 23 பேர் உயிரிழந்தார்கள். தீ மேல்நோக்கித்தான் விரைந்து ஓடும். சரிவு பத்துப் பாகை கூடினால் அதன் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். மனிதக் கால் அதோடு போட்டியிட முடியாது. புகையை முகர்ந்தால் முகட்டை நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் விலகி ஓடைப் பாறை, வெறும் பாறைத்திட்டு, ஏற்கெனவே எரிந்து அடங்கிய தரை இவற்றில் ஒன்றைச் சேரவேண்டும். இதை எழுதும்போதுகூடக் கை தயங்குகிறது, ஏனென்றால் அந்த நிலைமைக்குப் போகாமலிருப்பதுதான் ஒரே நல்ல வழி. தீக்காலத்தில் வீட்டில் இருங்கள்.

அனுமதி

பச்சைமலையின் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதியில்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம். குரங்கணிக்குப் பிறகு 2018-இலேயே மலையேற்றத்தை முறைப்படுத்தத் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளுக்கு இணையத்திலேயே பதிவுசெய்யும் வசதி வந்தது. அந்தப் பட்டியலில் பெரம்பலூர் சேரவில்லை. அதனால் இங்கே நேரில்தான் கேட்கவேண்டும்.

பெரம்பலூரில் உள்ள மாவட்ட வன அலுவலருக்குக் கடிதம் எழுதுங்கள். போகும் நாள், ஏறும் ஊர், போய்ச் சேரும் இடம், இறங்கும் நேரம், எல்லோருடைய பெயரும் வயதும், அடையாள அட்டை நகல். மூன்று வாரம் முன்பே கொடுத்துவிட்டால் சரகத்துக்கு அனுப்பி விசாரிக்க அவர்களுக்கும் நேரம் கிடைக்கும். அருவி வரை மட்டும் போக அனுமதி, அதற்கு மேல் இல்லை என்று சொன்னால் அருவியோடு திரும்புங்கள். ஆபத்து நேர்ந்தால் உங்களைத் தேடி வரப்போகிறவர் அதே வனக்காப்பாளர்தான். நீங்கள் எங்கே போனீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருப்பது உங்கள் உயிருக்கு நல்லது.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன ஒரு கணக்கை உலகெங்கும் இன்றும் பயன்படுத்துகிறார்கள். சமதரையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல். போய்வர 10 கிலோமீட்டர், ஏற்றம் 450 மீட்டர் என்று ஒரு பாதையை வைத்துக்கொள்வோம். நடைக்கு இரண்டு மணி, ஏற்றத்துக்கு முக்கால் மணி, மொத்தம் இரண்டே முக்கால். ஆனால் அது குளிர்நாட்டுத் திடகாத்திரரின் கணக்கு. நம் பாதையில் உருளும் கல், உண்ணிச்செடி முள், வெயில், குழுவில் பழக்கமில்லாத கால்கள் எல்லாம் உண்டு. ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை போடவேண்டும். இரண்டு மடங்கென்றே வைத்தால் ஐந்தரை மணி. சாப்பாடு, இளைப்பாறல், அருவியில் உட்கார்ந்திருக்க என்று இரண்டு மணி. ஆக ஏழரை.

காலை 6:15-க்கு, கல் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும் கிளம்பினால் 1:45-க்கு ஊருக்குள் வந்துவிடலாம். இரண்டு மணி நேரம் தாமதமானாலும் வெளிச்சம் மிச்சமிருக்கும். அந்த மிச்சம்தான் திட்டத்தின் உயிர். எட்டரைக்குப் பெரம்பலூரில் டிபன் சாப்பிட்டு, பத்தரைக்கு அடிவாரம் சேர்ந்து ஏறத் தொடங்கும் குழு இந்த மிச்சத்தை முழுவதும் தின்றுவிட்டுத்தான் முதல் அடி வைக்கிறது. ஏற்றத்தின் கடும்பகுதியும் வெயிலின் கடும்பகுதியும் அவர்களுக்கு ஒரே நேரத்தில் வரும்.

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவுசெய்து எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். எங்கே நின்றாலும் பகல் 11:30-க்குத் திரும்பியாக வேண்டும். அருவி இன்னும் ஒரு வளைவுதான் என்று பட்டாலும் திரும்பவேண்டும். மேலே களைத்து நிற்கும்போது இதை விவாதித்தால் ஆசைதான் ஜெயிக்கும். அதனால் விவாதத்தை முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது.

வெளியூரிலிருந்து வருபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் நிலையம் இல்லை. சென்னை–திருச்சி ரயில் பாதையில் அரியலூரில் இறங்கிப் பேருந்தில் வரவேண்டும். அல்லது நெடுஞ்சாலைப் பேருந்தில் நேரே பெரம்பலூர். எதில் வந்தாலும் அன்று காலையில் வந்து அன்றே ஏறுவது நடக்காத காரியம். முந்தின இரவு பெரம்பலூரில் தங்குங்கள். அடிவார ஊர்களுக்கு நகரப் பேருந்து உண்டு என்றாலும் விடிகாலை நேரத்துக்குப் பொருந்தாது, மாலையில் கடைசி வண்டியும் சீக்கிரம் போய்விடும். வாடகை வண்டி பேசும்போது திரும்ப அழைத்துப்போகும் நேரத்தையும் சேர்த்துப் பேசி, ஓட்டுநரைப் பகல் முழுக்கக் காத்திருக்கச் செய்வதானால் அதற்கும் கூலி சொல்லிவிடுங்கள்.

தண்ணீரும் சோறும்

ஆளுக்கு நான்கு லிட்டர். மூன்று போதாதா என்று கேட்பார்கள். டிசம்பரில் மேகமூட்டமான நாளில் போதும், அது எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு லிட்டரைத் தனியாக வைத்து, திரும்பும் வழிக்கென்று தொடாமல் வைத்திருங்கள். ஓடைத் தண்ணீர் பளிங்காகத் தெரிந்தாலும் மேலே ஊர்களும் மாடுகளும் இருக்கும் மலை இது. குளோரின் மாத்திரை போட்டு அரைமணி விட்டுத்தான் குடிக்கலாம்.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போகும் உப்பு திரும்பாது. தலை சுற்றும், கால் சதை இழுக்கும். உப்புக் கரைசல் பொட்டலம் ஆளுக்கு இரண்டு வையுங்கள். ஒரு பொட்டலம் ஒரு லிட்டருக்கு, அதற்குக் குறைவான தண்ணீரில் கரைக்கக் கூடாது. பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரை, அரைச் சிறுகரண்டி உப்பு. யாராவது வியர்ப்பது நின்று, உளறத் தொடங்கி, உடம்பு கொதித்தால் அது வெப்பவாதம். நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருந்து உதவிக்கு அழைக்கவேண்டும். குடிக்கும் தண்ணீர் தீர்ந்தாலும் பரவாயில்லை, ஊற்றுங்கள்.

சாப்பாட்டுக்குப் புளிசோற்றை மிஞ்சியது இல்லை. நல்லெண்ணெய் விட்டுக் கிளறியது மாலைவரை கெடாது, உப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெம்பு. தயிர்சோறு பதினோரு மணிக்குள் புளித்துவிடும். அதைக் காலை முதல் இளைப்பாறலுக்கு வைத்துக்கொள்ளலாம். கடலைமிட்டாய், பேரீச்சை, வெள்ளரிக்காய், ஆளுக்கொரு கொய்யா. வாழையிலையில் கட்டி எடுத்துவந்தால் குப்பையும் இல்லை. பிஸ்கட் உறை, பாக்கெட், பாட்டில் எது கொண்டுபோனாலும் அத்தனையும் திரும்ப உங்கள் பையிலேயே இறங்கவேண்டும். குரங்குக்குத் தின்பண்டம் போடவே கூடாது. ஒரு குழு பழக்கினால் அடுத்து வரும் குழுவின் பையை அவை பிடுங்கும்.

ஆட்களும் வழிகாட்டியும்

நான்கு பேருக்குக் குறையாமல், எட்டுப் பேருக்கு மிகாமல். ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் கூட இருக்க, இருவர் சேர்ந்து இறங்கி உதவி கொண்டுவர நான்கு பேர் வேண்டும். எட்டுக்கு மேல் போனால் முன்னும் பின்னும் குழு இரண்டாகப் பிரிந்துவிடும். மெதுவாக நடப்பவர் முன்னால் இரண்டாவது இடத்தில் போகட்டும். பாதை தெரிந்த இன்னொருவர் கடைசியில் வரட்டும்.

ஒரு மாதம் முன்பே பழகத் தொடங்குங்கள். அரியலூர்க்காரர்களுக்குக் கரைவெட்டி ஏரிக்கரை இருக்கிறது. 2024-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம். குளிர்காலக் காலையில் கரைமேல் ஏழெட்டுக் கிலோமீட்டர் நடந்தால் காலுக்குப் பயிற்சி, கண்ணுக்கு வலசை வாத்துகள். ஆனால் சமதரை மட்டும் போதாது. ஆலத்தூர் வட்டம் செட்டிகுளத்தில் குன்றின்மேல் தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. மலைக்குக் கொண்டுபோகப் போகும் அதே பையை, அதே எடையோடு தோளில் போட்டுக்கொண்டு அந்தப் படிகளை விடிகாலையில் மூன்று முறை ஏறி இறங்குங்கள். இறங்கும்போது முழங்கால் வலித்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு மலைக்கு வாருங்கள். ஏற்றம் மூச்சைச் சோதிக்கும். முழங்காலைச் சோதிப்பது இறக்கம்.

வழிகாட்டி இல்லாமல் இந்தப் பக்கம் ஏறவேண்டாம். பச்சைமலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறிய வழித்தோன்றல்கள் தாங்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் பழங்கதை. சாமையும் தினையும் மரவள்ளியும் பலாவும் விளைவிக்கும் குடியானவர்கள். அடிவார ஊரிலோ மலையிலோ பாதை அறிந்த ஒருவரை வனத்துறை வழியாகக் கேட்டுப்பெறலாம். ஒரு முழுநாள் விவசாய வேலையை விட்டுவிட்டு வருகிறார் என்பதை நினைத்துக் கூலியை முதல்நாளே பேசுங்கள். அவருக்கும் சேர்த்துச் சோறும் தண்ணீரும் கட்டுங்கள்.

பாதை விசாரிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “எவ்வளவு தூரம் ஐயா?” என்று கேட்டால் “கிட்டத்தான் தம்பி” என்றுதான் பதில் வரும். வாரத்தில் நான்கு நாள் ஏறும் காலுக்கு அது கிட்டத்தான். வேறு மாதிரி கேளுங்கள். “மேலே கடைசியா எப்போ போனீங்க அண்ணே? ஓடையில தண்ணி எதுவரைக்கும் கெடக்கு? எங்களை மாதிரி ஆளுங்க ஏறினா வெயிலுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துருவோமா?” இப்படிக் கேட்டால் அவர் உங்களைத் தலைமுதல் கால்வரை பார்த்து, உங்கள் காலில் கிடக்கும் செருப்பையும் பார்த்து, உண்மையான பதிலைச் சொல்வார். போகாதீங்க என்று சொன்னால் போகாதீர்கள்.

பலாக்காலத்தில் மேலே வழியோரம் தொங்கும் பழமெல்லாம் யாரோ ஒருவருடைய வருமானம். கேட்டு, காசு கொடுத்து வாங்குங்கள். மரத்தடியில் கல் நட்டுப் பொட்டு வைத்திருந்தால் அது சாமி இருக்கும் இடம். செருப்போடு மிதிக்காமல் சுற்றிப் போகவேண்டும். வீடுகளையும் பெண்களையும் கேட்காமல் படம் எடுப்பதும், ஓடைக்கரையில் மது பாட்டில் திறப்பதும் வெளியாட்களை இந்த ஊர்கள் வெறுக்கக் காரணமாகின்றன. உங்களுக்கு அடுத்து வருபவர்களுக்கு வழி மூடிப்போகும்.

காட்டுக்குள்

முழுக்கால் சட்டை, முழுக்கை, கணுக்காலை மூடும் ஷூ, காலுறைக்குள் செருகிய கால்சட்டை, பருத்தித் துண்டு, ஒரு மூங்கில் கழி. கழியைத் தட்டிக்கொண்டே நடந்தால் பாம்பு தானாக விலகிவிடும். உட்காரும் பாறையையும் கைவைக்கும் பொந்தையும் முதலில் கண்ணால் பாருங்கள். கடித்துவிட்டால் கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாதீர்கள். மோதிரம், கொலுசு கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் தாங்கி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு இறங்கி 108-ஐ அழையுங்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே எதிர்மருந்துதான். பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைத் தேடி அடிக்க நேரம் செலவிட வேண்டியதில்லை.

அருவிப் பாறைகளில் மலைத்தேனீ அடை தொங்கலாம். புகை, வாசனைத் திரவியம், கல்லெறிதல், ட்ரோன் இவை அவற்றைக் கிளப்பிவிடும். கிளம்பிவிட்டால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓடவேண்டும்.

தண்ணீரில் இறங்குவது பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டியிருக்கிறது. அருவிக்குக் கீழே தேங்கும் மடுவின் ஆழம் ஒவ்வொரு மழைக்கும் மாறும். போன வருடம் இடுப்பளவு இருந்த இடம் இந்த வருடம் தலைக்கு மேல். குதிக்காதீர்கள், அருவியின் தலைப்பில் ஏறிப் படம் எடுக்காதீர்கள். பாசி படர்ந்த பாறையில் ஷூவும் பிடிக்காது, வெறுங்காலும் பிடிக்காது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேல்தளத்தில் மழை பெய்திருக்கலாம். தெளிந்து ஓடிய தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், ஓசை திடீரென்று கனத்தால் பையைக்கூட எடுக்க நிற்காமல் கரையேறிவிடுங்கள். காட்டாறு சில நிமிடத்தில் வந்துவிடும். வெள்ளம் வடியும்வரை கடக்காமல் காத்திருக்கத்தான் அந்த இரண்டு மணி மிச்சமும், உண்ணாமல் வைத்த கடலைமிட்டாயும், ஆளுக்கொரு டார்ச்சும்.

கைப்பேசி சிக்னல் சரிவின் மடிப்புகளில் அறுந்துபோகும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கு வராத ஒருவரிடம், யார் யார் போகிறோம், எந்த ஊர் வழியாக, வண்டி எண், எத்தனை மணிக்குப் பேசுவோம், எத்தனை மணிவரை பேசாவிட்டால் யாரை அழைக்கவேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மழை கெடுத்தால்

அனுமதி கிடைத்து, ஆட்கள் சேர்ந்து, முந்தின இரவு மழை பிடித்துவிடும். அப்படியானால் மலையை விட்டுவிட்டுக் கிழக்கே போங்கள். சாத்தனூரில் 12 கோடி ஆண்டுப் பழமையான கல்மரம் கிடக்கிறது, 18 மீட்டர் நீளம். இந்தப் பகுதியில் கடல் இருந்த காலத்தில் அடித்துவரப்பட்டு மண்ணில் புதைந்து கல்லான அடிமரம். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் வெளியுலகுக்குச் சொன்னார். காரைப் பக்கத்து வெட்டவெளி மண்மேடுகளில் கடலுயிர்ப் புதைபடிவங்கள் இருக்கின்றன. ஈரத்தில் அந்த மண் வழுக்கும் என்பதால் ஓரத்தில் நின்று பாருங்கள், ஒரு சிப்பியையும் பொறுக்காதீர்கள். அரியலூர் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. மாலையில் ரஞ்சன்குடிக் கோட்டை. வீணான நாள் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். மாற்றுத் திட்டம் கையில் இருந்தால் மழைநாளில் மலைக்குப் போயே தீருவேன் என்ற பிடிவாதமும் வராது.

இறங்கிய பிறகு

ஊருக்குள் வந்ததும் வீட்டில் காத்திருப்பவருக்கும் வனச்சரகத்துக்கும் எல்லோரும் இறங்கிவிட்டோம் என்று சொல்லுங்கள். குளிக்கும்போது காதுக்குப் பின்புறம், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும், நசுக்கக் கூடாது. போட்டிருந்த துணியைத் தனியே சுடுதண்ணீரில் ஊறவையுங்கள். புதர்க்காட்டுச் சிறுபூச்சி கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் தமிழ்நாட்டில், குறிப்பாக மழைக்குப் பிந்திய குளிர்மாதங்களில், நிறையப் பேருக்கு வருகிறது. கடித்த இடம் வலிக்காது. சிகரெட் சுட்டதுபோலச் சிறு கறுப்புப் பொருக்காகக் கிடக்கும். ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால், மலைக்காட்டில் நடந்துவந்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் என்ற எளிய மருந்தில் குணமாகிற நோய் அது. சொல்லாமல் விட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று நாள் ஓடி, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடித்துவிடும்.